கடைமடையில் நின்று அளத்தல்

இலக்கியம் பேசுமிடத்தில், கட்டடத்துக்குள் கம்பியில்லா வலையின் வீச்சை அளப்பது பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுத முற்படுவது நண்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். பொறியாளர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் அல்லவா இது என்று கேட்கக்கூடும். கருவியைக் கையாள்வது அவர்கள் வேலை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எங்கே நின்று அளப்பது, எந்த நேரத்தில் அளப்பது, அளந்ததை யாரிடம் காட்டுவது ஆகிய கேள்விகளுக்குக் கருவி பதில் சொல்லாது. ஒரு நிறுவனம் தன் மனிதர்களில் யாரை மனத்தில் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அவற்றுக்கு விடை கிடைக்கும். ஆகவே அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருக்கும் எவரும் இதைப் பற்றிப் பேசலாம். பேசவும் வேண்டும் என்பது என் எண்ணம்.

இத்தொழிலை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கல்லூரி, மருத்துவமனை, அலுவலகம் என எந்தப் பெரிய கட்டடத்திலும் வைஃபை அமைக்கும்போது கூரையிலோ சுவரிலோ சிறு பெட்டிகளைப் பொருத்துகிறார்கள். ஆக்சஸ் பாயிண்ட் என்று அவற்றுக்குப் பெயர். எங்கெங்கே அவற்றைப் பொருத்துவது என்று முன்கூட்டித் திட்டமிடவும், பொருத்திய பின் அலை எல்லா இடத்துக்கும் போய்ச் சேருகிறதா என்று சரிபார்க்கவும் செய்யப்படுவதே இந்த அளவை. சைட் சர்வே என்பார்கள். அதில் மூன்று வகை உண்டு. கட்டடத்தின் வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, எந்தச் சுவர் எதனாலானது என்று குறித்து, அலை எப்படிப் பரவும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது ஒன்று. இதற்கு யாரும் கட்டடத்துக்குள் நடக்க வேண்டியதில்லை. மடிக்கணினியைக் கையிலேந்தி அறை அறையாக நடந்து, காற்றில் எந்தெந்த அலை எவ்வளவு வலுவோடு வருகிறது என்று கேட்டுப் பதிவது இரண்டாவது. வலையில் இணைந்துகொண்டு, தகவலை உண்மையிலேயே அனுப்பியும் பெற்றும் சோதிப்பது மூன்றாவது. எதுவானாலும் முடிவில் கைக்கு வருவது ஒரு வண்ணப்படம். பெரும்பாலும் பச்சை என்றால் நல்ல வலு, மஞ்சள் என்றால் சுமார், சிவப்பு என்றால் பயனில்லை.

இங்கே அளக்கப்படும் பொருள் எவ்வளவு சிறியது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஓர் ஆக்சஸ் பாயிண்ட் 100 மில்லிவாட் வலுவோடு அலையை வெளிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குரல் அழைப்பு தடையின்றி நடக்க வேண்டுமானால் நம் கையிலிருக்கும் கருவிக்கு அது -67 டிபிஎம் அளவிலாவது வந்து சேர வேண்டும் என்பது இத்துறையில் வழக்கமாகக் கொள்ளும் வரம்பு. டிபிஎம் என்பது மடக்கைக் கணக்கு. அதில் 3 குறைந்தால் வலு பாதியாகிறது. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. அப்படிப் பார்த்தால் -67 என்பது புறப்பட்ட வலுவில் ஏறத்தாழ 50 கோடியில் ஒரு பங்கு. அந்தத் துளியைக் கொண்டுதான் நாம் படிக்கிறோம், பேசுகிறோம், பணம் அனுப்புகிறோம். இவ்வளவு நுண்ணிய ஒன்று வழியில் எதிர்ப்படும் ஒவ்வொரு பொருளிடமும் தன்னில் ஒரு பகுதியை இழந்தபடியேதான் வருகிறது.

திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் வலு கால்பங்காகும். கட்டடத்துக்குள் தூரத்தைவிடச் சுவரே பெரிய தடை. ஜிப்சம் பலகையாலான மெல்லிய தடுப்பு சுமார் 3 டெசிபெல்லை எடுத்துக்கொள்ளும். அதாவது பாதி வலு போயிற்று. செங்கல் சுவர் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு டெசிபெல்லை விழுங்கும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் 10-க்கும் 20-க்கும் இடையில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். 15 என்று வைத்துக்கொண்டாலே முப்பதில் ஒரு பங்குதான் அப்பால் போகும். மின்தூக்கியின் இரும்புக் கூண்டும், இரும்பு பீரோக்களும், வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய புதுவகைக் கண்ணாடியும் அலையைத் திருப்பியடிக்கும். அலைவரிசை உயர உயர இந்த இழப்பும் கூடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கடந்து செல்லும் சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை தடுமாறும்.

நம்மூரின் பழைய கல்லூரிகளில் இரண்டடிக் கனமுள்ள சுவர்கள் உண்டு. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய அவை, நூறாண்டு வெயிலிலிருந்து மாணவர்களைக் காத்தவை. கணினியிலேயே கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளில் சுவர் வகைகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செங்கல் என்று அப்பட்டியல் சொல்வது ஒன்பதங்குலச் சுவரையா, இரண்டடிச் சுவரையா? சுவரின் இருபுறமும் நின்று அளந்து அந்த எண்ணைத் திருத்துவது நல்ல தொழிலாளியின் பழக்கம். அவசரத்தில் இருப்பவர் பட்டியலில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்வார். பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் வண்ணப்படத்தில் அது தெரியாது. தவறான எண்ணிலிருந்து பிறந்த பச்சையும் சரியான எண்ணிலிருந்து பிறந்த பச்சையும் ஒரே பச்சைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றும் கல்லூரியில் இத்தகைய அளவை நடந்தது. பருவத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டிருந்த வாரம். ஒப்பந்த நிறுவனத்திலிருந்து வந்திருந்த இளைஞர் மடிக்கணினியைக் கையில் விரித்துப் பிடித்தபடி நடைவழியில் போய்க்கொண்டிருந்தார். பத்தடிக்கு ஒரு முறை நின்று, திரையிலிருந்த வரைபடத்தில் தான் நிற்கும் இடத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். வகுப்பறைகள் பூட்டியிருந்தன.

"உள்ளே போய் அளக்க வேண்டாமா தம்பி?" என்று கேட்டேன்.

"சாவி இல்லைன்னுட்டாங்க சார். பரவாயில்லை, காரிடார்ல நடந்தா போதும். ரூமுக்குள்ள சாஃப்ட்வேரே கலர் போட்டுக்கும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த மென்பொருள்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன. நின்ற இடங்களில் கிடைத்த எண்களைக் கொண்டு, நிற்காத இடங்களில் என்ன இருக்கும் என்று ஊகித்து நிறம் தீட்டுகின்றன. எவ்வளவு தூரம் வரை ஊகிக்கலாம் என்பதை அளப்பவரே கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொள்ள முடியும். ஊகம் தவறு என்று சொல்லமாட்டேன். அறிவியலில் அதற்கு இடமுண்டு. ஆனால் கால் பட்ட இடத்தின் நிறமும் ஊகித்த இடத்தின் நிறமும் ஒன்றாகவே இருக்கும்போது, படத்தைப் பார்ப்பவருக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. அந்த இளைஞரைக் குறைசொல்லவும் எனக்கு மனமில்லை. ஒரே நாளில் நான்கு கட்டடங்களை முடிக்கச் சொல்லி அனுப்பப்பட்டவர் அவர். அறைகளைத் திறந்துவிட வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த இடத்தில் வேறொரு அளவை நினைவுக்கு வருகிறது. முதலாம் இராஜராஜன் காலத்தில் சோழநாட்டு நிலம் அளக்கப்பட்டது வரலாறு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஊரின் மொத்த நிலம் இவ்வளவு என்று சொல்லிவிட்டு, அதிலிருந்து வரிக்கு உட்படாமல் நீக்கப்பட்டவை எவை என்று பெயர் சொல்லியே கழிக்கிறார்கள். குடியிருப்பு நத்தம், கோயில், குளம், நிலத்தை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கைவினைஞர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று அந்தப் பட்டியல் போகிறது. அந்தக் கணக்கு எழுந்த சமூக அமைப்பை நான் போற்ற வரவில்லை. அதில் யார் எங்கே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதையும் அதே பட்டியல்தான் நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. நான் சொல்ல வருவது கணக்கின் முறையை. எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்குப் பின் வந்தவன் அதைப் படித்து, விடுபட்டவர்களைப் பற்றிக் கேள்வி எழுப்ப முடிகிறது. நம் வண்ணப்படங்களில் விடுபட்ட இடம் என்று ஒன்று இல்லவே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நிறம் பூசப்பட்டிருக்கிறது.

எங்கே என்ற கேள்வியை அடுத்து எப்போது என்ற கேள்வி. விடுமுறையில் அளப்பது வசதியானது. யாரும் குறுக்கே வரமாட்டார்கள். ஆனால் மனித உடலில் பெரும்பகுதி நீர். நீர் இந்த அலைகளை உறிஞ்சும். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையும் காலியான வகுப்பறையும் அலைக்கு வெவ்வேறு அறைகள். 2012-இல் போயிங் நிறுவனம் இதற்காகச் செய்த ஒரு சோதனை செய்திகளில் வந்தது. விமானத்துக்குள் கம்பியில்லா அலை எப்படிப் பரவுகிறது என்று பார்க்க வேண்டும். இருக்கைகளில் ஆட்கள் இருந்தால்தான் அளவு சரியாக இருக்கும். ஆனால் நாட்கணக்கில் அசையாமல் உட்கார ஆட்களை எங்கே தேடுவது? பயன்பாட்டிலிருந்து நீக்கிய ஒரு விமானத்தின் இருக்கைகளில் மனிதர்களுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கினார்கள். மொத்தம் சுமார் 9,000 கிலோ. அலையோடு உறவாடும் விதத்தில் உருளைக்கிழங்கு மனித உடலை ஒத்திருக்கிறது என்பது காரணம். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் இருக்கையில் ஒருவர் இருப்பார் என்பதை அவர்கள் மறக்கவில்லை. நாம் உருளைக்கிழங்கு வாங்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வகுப்பு நடக்கும்போது அளந்தால் போதும்.

ஆள் நிறைந்திருக்கும்போது அளப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வைஃபையில் ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் நடைமுறையில் மூன்றே. இந்தியாவில் அந்தப் பட்டையை உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று 2005-இல் விதி வந்த பிறகு, நம் ரவுட்டரும் அடுத்த கட்டடத்து ரவுட்டரும் மாணவர் பையிலிருக்கும் புளூடூத் கருவிகளும் அதே இடத்தில் நெருக்கியடித்துக்கொள்கின்றன. வலு இருக்கிறது, ஆனால் முறை வரவில்லை என்ற நிலையை வலுவை மட்டும் காட்டும் படம் சொல்லாது. முறைவைத்துப் பாசனம் செய்யும் ஊரில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தும் தன் வயல் காய்ந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

அலை இருவழிப் பாதை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆக்சஸ் பாயிண்ட் பேசுவது நமக்குக் கேட்க வேண்டும். நாம் பேசுவதும் அதற்குக் கேட்க வேண்டும். கைபேசியின் வலு பொதுவாகக் கூரையிலிருக்கும் பெட்டியின் வலுவைவிடக் குறைவு. திரையின் மூலையில் கோடுகள் நிறைந்திருக்கும்; பக்கம் திறக்காது. அளப்பவர் கையிலிருப்பது நல்ல ஆண்டெனா பொருத்திய மடிக்கணினி. மாணவி கையிலிருப்பது அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த, திரை கீறிய பழைய கைபேசி. இவ்விரண்டும் ஒரே நாற்காலியில் இருந்தாலும் ஒரே அலையைக் கேட்பதில்லை. எந்தக் கருவியை அளவுகோலாகக் கொள்வது என்று முடிவு செய்யும்போது, யாருடைய கைபேசியைக் கணக்கில் எடுக்கிறோம் என்றும் முடிவாகிவிடுகிறது.

காவிரிப் படுகையில் ஒரு சொல் உண்டு: கடைமடை. ஆற்றிலிருந்து பிரிந்து, கிளைத்து, இளைத்து வரும் வாய்க்காலின் கடைசிப் பாய்ச்சல். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 120 அடி. வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. இவ்விரு எண்களும் ஒவ்வோர் ஆண்டும் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வரும். நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடை விவசாயிக்கு அந்த எண்கள் நம்பிக்கை தரும். நாற்று நட உதவாது. தன் வயலுக்கான மடையில் தண்ணீர் எட்டிப் பார்த்ததா என்று வரப்பில் போய் நின்றுதான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஏரிப்பாசன ஊர்களில் இதற்கென்றே ஆள் இருந்தார். நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தலைமடையிலிருந்து கடைமடை வரை நடந்து பார்த்துவிட்டு வருவது அவருடைய அன்றாடம்.

கல்லூரிகளின் இணைய வசதியைப் பற்றி நாம் கேட்கும் கேள்விகள் எல்லாம் மேட்டூரின் நீர்மட்டத்தைப் பற்றியவை. 2017-இல் திருத்தியமைக்கப்பட்ட நாக் தரமதிப்பீட்டு முறையில், வைஃபை உள்ளிட்ட தகவல்தொழில்நுட்ப வசதிகளை நிறுவனம் அவ்வப்போது புதுப்பிக்கிறதா என்றும், இணைய இணைப்பின் வேகம் எத்தனை எம்பிபிஎஸ் என்றும் கேட்கும் அளவுகோல்கள் இருந்தன. கேட்க வேண்டிய கேள்விகள்தான். அவற்றுக்கு விடை சொல்வதும் எளிது. ரசீதையும் ஒப்பந்தத்தையும் இணைத்தால் போதும். ஆனால் வாசலில் வந்து இறங்கிய வேகம், மூன்றாம் மாடியின் கோடி வகுப்பறையில் கடைசிப் பெஞ்சுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை அந்த ரசீது சொல்லாது. எத்தனை பெட்டிகள் பொருத்தினோம் என்ற கணக்கும் அப்படியே. மதகுகளின் எண்ணிக்கையைச் சொல்லிப் பாசனப் பரப்பை நிறுவ முடியாது.

எங்கள் கல்லூரியில் வந்த அறிக்கையில் மாணவியர் விடுதியும் பச்சையாகவே இருந்தது. முதுகலை மாணவி ஒருவர் ஆய்வேட்டின் அத்தியாயத்தை மின்னஞ்சலில் அனுப்பத் தாமதமானது ஏன் என்று கேட்டபோது சொன்னார்: "ரூம்ல வரவே வராது ஐயா. படிக்கட்டுல உட்கார்ந்தாதான் வரும். ஒன்பது மணிக்கு மேல படிக்கட்டுல உட்காரக் கூடாதுன்னு வார்டன் அம்மா சொல்லிட்டாங்க." படிக்கட்டில் அலை கிடைப்பதற்குக் காரணம் உண்டு. மாடிப்படிகளின் நடுவே மேலிருந்து கீழ்வரை திறந்த வெளி இருக்கிறது. நடைவழியில் மாட்டிய பெட்டியின் அலை சுவரில் மோதாமல் அங்கே இறங்கிவிடும். அறைகளுக்கோ கனத்த சுவரும் இரும்புக் கதவும் தடை. விடுதிக் காப்பாளர் கண்ணுக்கு அது பெண்கள் கூடி அரட்டையடிக்கும் இடம். அவரிடமிருந்த படத்தில் அறைகள் பச்சையாக இருந்தன. அறையில் இணையம் கிடைக்கும்போது படிக்கட்டில் என்ன வேலை என்று அவர் கேட்டதில் அவர் அளவில் நியாயம் இருந்தது. அறிக்கையில் இருந்த ஒரு நிறம், படிக்க உட்கார்ந்த பெண்ணைப் பொய் சொல்பவளாக்கிவிட்டது. அளவையின் பிழை வெறும் தொழில்நுட்பப் பிழையாக நின்றுவிடுவதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கே இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். முதலாவது, இந்தக் காலத்தில் கைபேசி இணையம் மலிவாகிவிட்டது, கல்லூரி வைஃபையை யார் நம்பியிருக்கிறார்கள் என்பது. 2016-க்குப் பின் விலை சரிந்தது உண்மையே. ஆனால் வைஃபை அலையைத் தடுக்கும் அதே சுவர்தான் தெருக்கோடிக் கோபுரத்திலிருந்து வரும் அலையையும் தடுக்கிறது. எந்தப் பெட்டியும் எட்டாத உள்ளறையில் பல சமயம் செல்பேசியும் ஊமையாகிவிடும். கட்டடத்துக்குள் வைஃபை சரியாக இருந்தால் செல்பேசி அழைப்பையே அதன் வழியாகப் பேசும் வசதி 2019 இறுதியிலிருந்து இந்தியாவில் கிடைக்கிறது. அது சரியாக இல்லாத இடத்தில் அந்த வசதியும் இல்லை. தவிர, கையில் காசிருப்பவர் பெரிய தரவுப் பொட்டலத்தை வாங்கிக்கொள்வார். மாதக் கடைசியில் ரீசார்ஜ் தீர்ந்துபோன மாணவருக்குக் கல்லூரி வலைதான் ஒரே வழி. அவரே இந்த வலையின் கடைமடைக்காரர்.

இரண்டாவது மறுப்பு இலக்கிய நண்பர்களிடமிருந்து வரும். நூலகத்திலாவது இந்த அலை எட்டாமல் இருக்கட்டுமே, பிள்ளைகள் புத்தகத்தைத் திறப்பார்களே என்பார்கள். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் இன்று என் மாணவர்கள் பழைய பதிப்புகளையும் நின்றுபோன சிற்றிதழ்களையும் பெரும்பாலும் எதில் படிக்கிறார்கள்? 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களிலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும்தான். எங்கள் நூலகத்து அலமாரியில் இல்லாத நூறு புத்தகங்கள் அங்கே இருக்கின்றன. ஒளிவருடிய பழைய நூல் ஒன்றின் கோப்பு பல மெகாபைட் கனமுடையது. வலுவற்ற அலையில் அது பாதியில் நின்றுபோகும். கைபேசியை அணைத்து வைப்பது ஒருவர் தானாக மேற்கொள்ளும் ஒழுக்கம். கிடைக்காமல் இருப்பதை ஒழுக்கம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நூலகத்தின் ஒரு பகுதியை அலையில்லாத வாசிப்பறையாக வைத்திருக்க விரும்பினால் அதை அறிவித்து, வரைபடத்திலும் குறித்து வைக்கலாம். அளக்கப்படாமல் விடுபட்ட மூலை தவச்சாலை ஆகிவிடாது.

அரசுத் தரப்பிலும் இதுபற்றிய கவனம் வரத் தொடங்கியிருக்கிறது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2024 அக்டோபரில் கட்டடங்களின் மின்னணு இணைப்பு வசதியை மதிப்பிட்டு நட்சத்திரத் தரம் வழங்குவதற்கான ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. கட்டட உரிமையாளரோ நிர்வாகியோ தாமாக முன்வந்து விண்ணப்பிக்கலாம். பதிவு பெற்ற மதிப்பீட்டு முகமைகள் சோதித்துத் தரம் சொல்லும். கட்டடத்துக்குள் இருப்பவருக்கு அலை கிடைக்கிறதா என்பது கட்டடத்தின் தரத்தில் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்டிருப்பது வரவேற்கத்தக்கது. வாசலில் ஐந்து நட்சத்திரம் தொங்கும் கட்டடத்தில் அந்த நட்சத்திரங்கள் எந்த அறையில் நின்று, எந்த நேரத்தில் பெறப்பட்டவை என்றும் நாம் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பச்சைப் படத்தின் இடத்தில் நட்சத்திரம் வந்து உட்காரும், அவ்வளவே மாற்றம்.

இதற்குப் பெரும் செலவு ஆகாது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இலவசமாகக் கிடைக்கும் சிறு செயலிகள் அலையின் வலுவை டிபிஎம் கணக்கிலேயே காட்டும். தொழில்முறை அளவைக்கு அது மாற்றாகாது. ஆனால் ஓர் அறிக்கை உண்மையா என்று பார்க்க அது போதும். துறைக்கு இரண்டு மாணவர்கள் என்று சேர்த்துக்கொண்டு, வகுப்பு நடக்கும் நேரத்தில் ஒவ்வோர் அறையின் கடைசிப் பெஞ்சிலும், விடுதி அறையின் கட்டிலிலும், நூலக அடுக்குகளின் நடுவிலும் அமர்ந்து, தங்கள் கைபேசியைக் கொண்டே எண்ணைக் குறிக்கலாம். ஒரு கோப்பை இறக்கியும் ஏற்றியும் எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதலாம். ஒப்பந்தக்காரரிடமும் சிலவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்: அவர் உண்மையில் நின்று அளந்த இடங்கள் படத்தில் புள்ளிகளாகத் தெரிய வேண்டும்; அளந்த நாளும் நேரமும் கருவியும் குறிக்கப்பட வேண்டும்; ஊகித்த பரப்பு வேறு நிறத்திலோ நிறமின்றியோ விடப்பட வேண்டும். அறைச்சாவிகளை முன்கூட்டியே எடுத்து வைப்பது நம் பொறுப்பு. கடைசியாக, அந்தப் படத்தை முதல்வர் அறை அலமாரியில் பூட்டாமல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தன் அறை சிவப்பு என்று ஊரறியத் தெரிந்தால், படிக்கட்டில் உட்கார்ந்த மாணவி யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிராது. பச்சை என்று தவறாகக் காட்டியிருந்தால் அந்த இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவார். அதைவிடச் சிறந்த திருத்தத்தை எந்த மென்பொருளும் தரமுடியாது.

இவை நடக்குமானால் அடுத்த பெட்டியை எங்கே மாட்டுவது என்ற முடிவும் மாறும். இப்போது அவை நிர்வாக அலுவலகத்திலும் கருத்தரங்கக் கூடத்திலும் நெருக்கமாக இருக்கின்றன. விருந்தினர் வரும் இடங்கள் அவை. ஒரே ஒரு பெட்டியை விடுதியின் கோடி அறைகளுக்கு நடுவே நகர்த்தினால் எத்தனை பேர் பயன்பெறுவார்கள் என்று சரியான படம் சொல்லிவிடும்.

அலுவலகமோ, மருத்துவமனையோ, பிள்ளைகள் படிக்கும் கல்லூரியோ, எங்கேனும் இப்படியொரு வண்ணப்படத்தை உங்களிடம் காட்டினால், அதில் உங்கள் நாற்காலி இருக்கும் இடத்தை முதலில் தேடுங்கள். அங்கே யாராவது வந்து நின்று அளந்தார்களா என்று கேளுங்கள். பிறகு, அந்தக் கட்டடத்தில் உங்களைவிடத் தொலைவான மூலையில் உட்கார்ந்திருப்பவருக்காகவும் அதே கேள்வியைக் கேளுங்கள்.